சம்பளத்துக்கு வெட்கப்பட்டவர்

அறுபதுகளில் பம்பாயில் எந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாலும் கணக்கெழுத ஒருவர், டைப் அடிக்க ஒருவர், பொய் சொல்ல நாலைந்து பேர் என்று சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பார்கள். வெட்கப்படுவதற்கென்று தனியாக ஒரு ஆளை வைத்திருந்தது, எனக்குத் தெரிந்து, தாராவியில் நான் வேலை பார்த்த தோல் பட்டறை ஒன்றுதான். முதலாளி தெரிந்து வைக்கவில்லை, பாவம். பெட்டிக்குப் பூட்டு மாட்டத்தான் வைத்தார்.

அவரை நாங்கள் முக்காட்டார் என்போம். சொந்தப் பெயர் என்னவென்று நான் கேட்டதில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முதலாளிக்கும் அதே ஊர்தான். ஐம்பதை நெருங்கிய வயது, ஒட்டிய கன்னம், தோளில் சிவப்புக் கட்டம் போட்ட ஒரு துண்டு. பட்டறையின் முன்பகுதியில் விற்பனைக்கு வைத்த பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து பூட்டு மாட்டுவார். யாராவது வெட்கப்பட வேண்டிய ஒன்றைச் செய்துவிட்டு வெட்கப்படாமல் இருந்தால், அந்தத் துண்டு தோளிலிருந்து தலைக்கு ஏறும். முகம் மறைய இழுத்து விட்டுக்கொண்டு, மூட்டை மாதிரி உட்கார்ந்துவிடுவார். விஷயம் சரியாகும்வரை முகம் வெளியே வராது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இந்தக் காட்சியைப் பார்த்தேன். ஒரு குஜராத்தி தம்பதி பெட்டி வாங்க வந்தார்கள். முதலாளி ஒரு பெட்டியைத் தட்டிக் காட்டி, “அசல் சம்டா, சேட். உங்க பேரன் கல்யாணத்துக்கும் உழைக்கும்” என்று பம்பாய் இந்தியில் அளந்துகொண்டிருந்தார். சம்டா என்றால் தோல். பெட்டியில் தோல் இருந்தது கைப்பிடியில் மட்டும்தான், மற்றதெல்லாம் ரெக்ஸின். முக்காட்டார் சுத்தியலைக் கீழே வைத்தார். துண்டு தலைக்குப் போயிற்று. அந்த அம்மாள் பெட்டியைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், கணவரின் முழங்கையைத் தொட்டாள். இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

“என்ன வே இது? யாவாரத்த கெடுக்கதுக்குன்னே வந்து உக்காந்திருக்கீரா?” என்றார் முதலாளி.

“நான் வாயத் தொறந்தேனா?” என்றது துண்டு.

“வாயத் தொறந்திருந்தா பரவாயில்லையே. எழவு வீடு மாதிரில்லா மூடிட்டு இருக்கீரு.”

“எனக்கு வெக்கமா இருந்துச்சு, மூடுனேன். ஒமக்கு வரவேண்டியது எனக்கு வருது. நான் என்ன செய்ய?”

முதலாளி தலையில் அடித்துக்கொண்டு, சாயா சொல்லி அனுப்பினார். மூன்று கிளாஸ் வந்தது. முக்காட்டார் துண்டுக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டித் தம்முடைய கிளாஸை வாங்கிக்கொண்டார்.

அவரைப் பெரிய மகான் என்று நினைத்துவிட வேண்டாம். ஓசிச் சாயா குடிப்பதில் அவருக்கு வெட்கமே கிடையாது. அடுத்தவன் பீடிக்கட்டில் கைவிடுவதிலும் கிடையாது. சில சமயம் வெட்கப்பட வேண்டாத இடத்தில் வெட்கப்பட்டு உயிரை எடுப்பார். எங்கள் வாசல் பலகையில் ‘வெளிநாட்டு ஏற்றுமதித் தரம்’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. எங்கள் சரக்கு பக்கத்திலிருக்கிற குர்லாவைத் தாண்டியதில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து காலையில் வரும்போது பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னோக்கி நடந்துதான் பட்டறைக்குள் நுழைவார். இரண்டு முறை சாக்கடையில் விழுந்திருக்கிறார்.

என்னையும் விட்டுவைத்ததில்லை. நான் மாதுங்காக்காரன். நாங்கள் மூன்று தலைமுறையாக ஆபீஸ் உத்தியோகம். டெரிலின் சட்டை போட்டுக்கொண்டு மேஜையில் உட்கார்ந்து கடிதம் டைப் அடிப்பேன். ‘தங்கள் சரக்கு இன்றே அனுப்பப்படுகிறது’ என்று அடிக்கிற அன்று, அந்தச் சரக்குக்குத் தோலே இன்னும் வாங்கியிருக்க மாட்டார்கள். முக்காட்டாருக்கு இங்கிலீஷ் ஓர் எழுத்து தெரியாது. ஆனாலும் துண்டு ஏறும்.

“நான் என்ன அடிக்கறேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன்.

“ஒங்க காது செவக்கு தம்பி” என்றார்.

அப்புறம் காதை மூடி மப்ளர் கட்டிக்கொண்டு டைப் அடித்துப் பார்த்தேன். பம்பாயில், மே மாதத்தில்.

அவரோடு வெளியே போவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தண்டனை. ஒருமுறை பூட்டு வாங்க இருவரும் மாதுங்காவில் ரயிலேறிக் குர்லாவுக்குப் போனோம். எதிரே உட்கார்ந்திருந்த கோட்டுக்காரர், தாம் டிக்கெட் எடுத்து எத்தனையோ நாளாயிற்று என்று பக்கத்திலிருந்த நண்பரிடம் இந்தியில் பெருமையடித்துக்கொண்டிருந்தார். முக்காட்டார் துண்டை இழுத்து மூடிக்கொண்டார். சயானில் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். கோட்டும் டையுமாக ஒருவர், மூஞ்சியை மூடிக்கொண்டு ஒருவர். யாரைப் பிடிப்பார்? நேரே வந்து துண்டைத் தட்டினார். இவர் அசையவில்லை. என் டிக்கெட்டும் முக்காட்டாரின் சட்டைப்பையில் இருந்தது. குர்லாவில் இருவரையும் இறக்கிவிட்டார்கள். பிளாட்பாரமே வேடிக்கை பார்த்தது. அதில் என் தெருக்காரர் இரண்டு பேர். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. கோட்டுக்காரர் இறங்கி வெளியே போய் மறைந்த பிறகு முக்காட்டார் துண்டை எடுத்துவிட்டு இரண்டு டிக்கெட்டையும் நீட்டினார். பரிசோதகர் அவரைத் திட்டவில்லை. என்னைப் பார்த்து, பரிதாபமாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதற்கப்புறம் முக்காட்டாரோடு எங்கே போனாலும் பத்தடி முன்னால் நடப்பேன். யாராவது தெரிந்தவர் எதிரே வந்தால் சட்டென்று வேறு சந்தில் திரும்பிவிடுவேன்.

விஷயம் மெல்ல மெல்லச் சுற்றுவட்டாரத்தில் பரவியது. வாடிக்கைக்காரர்கள் வாசலிலேயே நின்று, “ஷரம்வாலா இருக்காரா?” என்று இந்தியில் கேட்பார்கள். ஷரம் என்றால் வெட்கம். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். முக்காட்டார் தலையைப் பார்ப்பார்கள். வெறுந்தலையாக இருந்தால் பேரம் பேசாமல் வாங்கிப் போவார்கள். இதனால் முதலாளிக்கு லாபமா நஷ்டமா என்று அவருக்கே தெரியவில்லை. ஏன் முக்காட்டாரை வேலையைவிட்டு நிறுத்தவில்லை என்பது எங்களுக்கும் தெரியவில்லை.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் ஒரு பெரிய ஆர்டர் வாசலுக்கு வந்தது. கோட்டை வட்டாரத்தில் பெரிய கடை வைத்திருந்த ஒரு பார்சிக் கிழவர், ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதிலிருந்து நாலு மாதத்துக்கு, வாராவாரம் குழந்தைகளுக்குப் புத்தகப்பை வேண்டும் என்றார். மழைக்காலத்தில் எங்களுக்கு வியாபாரமே இருக்காது, தோலும் பூஞ்சணம் பூத்துப்போகும். ஆர்டர் கிடைத்தால் பட்டறையில் அத்தனை பேருக்கும் மழை முடியும்வரை வேலை. கிடைக்காவிட்டால் பாதிப் பேரை ஊருக்கு அனுப்ப வேண்டியதுதான். பார்சி சொன்ன விலைக்குப் பையின் அடிப்பாகத்தில் தோல் வைக்கக் கட்டுப்படியாகாது. முதலாளி அட்டையை வைத்து, மேலே மெல்லிய தோலை ஒட்டிவிட்டார். பார்த்தால் தெரியாது. பம்பாய் மழையில் இரண்டு நாள் நனைந்தால் அட்டை ஊறி, பிள்ளையின் புத்தகமெல்லாம் நடுரோட்டில் கொட்டும்.

மாதிரிப் பையைப் பார்க்கப் பார்சி வருகிற நாள். காலையில் முதலாளி நேரே முக்காட்டாரிடம் போனார்.

“அந்தத் துண்ட இங்க கொண்டாரும்.”

“எதுக்கு?”

“அழுக்கா கெடக்கு. கொண்டாரும் வே.”

வாங்கித் தம் தோளிலேயே போட்டுக்கொண்டார். முக்காட்டாரைத் துண்டில்லாமல் நான் பார்த்தது அன்றுதான். கழுத்து மெலிந்து, திடீரென்று சின்னவராகிவிட்டார். வெறும் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்குச் சங்கடமாக இருந்தது. அப்பாடா என்றும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பார்சி வந்தார். குடையை மடக்கி உட்கார்ந்தார். வெறுந்தலையோடு இருந்த முக்காட்டாரை ஒருமுறை பார்த்துத் திருப்தியாகத் தலையை ஆட்டினார். அவருக்கும் செய்தி எட்டியிருக்கிறது என்று புரிந்தது. முதலாளி பையை எடுத்து, வார், பக்கிள், தையல் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அடிப்பாகத்துக்கு வந்ததும், “பக்கா தோல், சாப்” என்றார்.

எனக்கு வலது பக்கம் ஏதோ அசைந்தது. முக்காட்டார் பக்கத்தில் கிடந்த ஒரு புத்தகப்பையை எடுத்து, உள்ளே அடைத்திருந்த காகிதத்தையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு, தலையில் கவிழ்த்துக்கொண்டார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் மடியிலிருந்த பெட்டியில் பூட்டைத் தடவித் தேட ஆரம்பித்தார். பையின் வார்கள் இரண்டு பக்கமும் காது மாதிரி தொங்கின.

“இது என்ன தமாஷ், சேட்?” என்றார் பார்சி.

“அது... சைஸ் பாக்கான், சாப்” என்றார் முதலாளி.

“தலைக்கா?”

யாரும் சிரிக்கவில்லை. தையல் மிஷின்களெல்லாம் ஒவ்வொன்றாக நின்றன. நான் மேஜைக்கு அடியில் எதையோ தொலைத்தவன் மாதிரி குனிந்துகொண்டேன். பார்சி பையைக் கவிழ்த்து அடிப்பாகத்தை விரலால் சுண்டினார். “சேட், என் பேத்தியும் இதைத்தான் தூக்கப்போகிறாள். ஒரு தடவை கேட்கிறேன். இது தோல்தானா?”

முதலாளி வாயைத் திறந்தார். அவருடைய கை தோளுக்குப் போயிற்று. அங்கே கிடந்த சிவப்புக் கட்டத் துண்டை அவர் பார்த்துச் செய்தாரா, பார்க்காமல் செய்தாரா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். இழுத்துத் தலையில் போட்டு முகத்தை மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து, “அட்டை, சாப்” என்று கேட்டது.

ஒரு பக்கம் துண்டுக்குள் முதலாளி, ஒரு பக்கம் பைக்குள் முக்காட்டார், நடுவில் குடையோடு பார்சி. என் வாழ்க்கையில் அவ்வளவு அவமானமாக நான் உணர்ந்ததில்லை. முகத்தை மறைத்துக்கொள்ள அந்த அறையில் எனக்கு மட்டும்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

பார்சி எழுந்தார். நன்றாகத் திட்டினார், குஜராத்தியில். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, தோல் அடி வைத்தால் என்ன விலை என்று கேட்டார். அந்த விலைக்கு அவரால் கால்வாசிப் பைகள்தான் வாங்க முடிந்தது. அதை மட்டும் கொடுத்தார். மழை முழுவதும் எங்களுக்கு அரை வேலை, அரைச் சம்பளம். முதலாளி யாரையும் ஊருக்கு அனுப்பவில்லை.

முக்காட்டார் சந்தோஷப்பட்டிருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? கொதித்துப்போய்விட்டார். “அவுரே மூடிக்கிட்டா அப்புறம் எனக்கு இங்க என்ன சோலி?” என்று இரண்டு நாள் பூட்டைத் தொடவில்லை. முதலாளி அதைக் கேட்டுவிட்டு ஆளுக்கொரு துண்டு வாங்கி வந்து ஒவ்வொரு மேஜையிலும் போட்டார். யாருக்கு எந்தச் சரக்கைப் பார்த்து வெட்கமாக இருந்தாலும் மூடிக்கொள்ளலாம், மூடினால் பேசித் தீர்க்காமல் அந்தச் சரக்கு வாசலைத் தாண்டாது என்றார். முதல் வாரம் நாசமாயிற்று. தாமதமாக வந்தவன் மூடிக்கொண்டான், சாயாவில் சர்க்கரை திருடியவன் மூடிக்கொண்டான், மூடிக்கொண்டே தைத்த ஒருவன் விரலில் ஊசியை ஏற்றிக்கொண்டான். டெரிலின் சட்டைமேல் துண்டோடு என்னைப் பார்த்தவர்கள் எங்கே குளிக்கப் போகிறாய் என்று கேட்டார்கள். அப்புறம் சரியாகிவிட்டது. நான் ‘இன்றே அனுப்பப்படுகிறது’ என்று அடிப்பதை நிறுத்தினேன். வாசல் பலகையையும் கழற்றியாயிற்று. முக்காட்டார் நேராக நடந்து உள்ளே வந்தார்.

மழை ஓய்ந்த ஒரு சாயங்காலம் அவர் முருங்கைக்காய் வாங்க மாதுங்கா மார்க்கெட்டுக்கு வந்தார். நான் வழக்கம்போல் பத்தடி முன்னால். மனசு கேட்காமல் திரும்பிப் பார்த்து, “இவ்வளவு வெட்கம் வர்ற இடத்துல எதுக்கு இருக்கேள்? வேற பட்டறைக்குப் போயிருக்கலாமே?” என்றேன்.

“அவனும் நானும் ஒரே தெருவு, தம்பி” என்றார். முதலாளியை அவன் என்று அவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. “ஒரே ரயில்ல, ஒரே பொட்டலத்துல சோத்த தின்னுகிட்டு வந்தோம். அவன் பட்டறை போட்டான், நான் பூட்டு மாட்டுதேன். அதுல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. ஆனா அவன் கெட்டுப் போயிட்டாம்னா, இம்மாம் பெரிய ஊர்ல எனக்குன்னு யாரு இருக்கா?”

இத்தனை நாளும் இந்த மனிதர் எங்களைக் கேவலமாக நினைக்கிறார் என்று எண்ணியிருந்தேன். அவருக்கு நாங்களெல்லாம் வேண்டியவர்களாக இருந்தோம், அவ்வளவுதான். நான் நடையைக் குறைத்து அவர் கையிலிருந்த முருங்கைக்காய்க் கட்டை வாங்கிக்கொண்டேன். அந்த மார்க்கெட்டில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். எதிரே வந்த ஒருவரையும் விடாமல் நிறுத்திப் பேசினேன், முக்காட்டாரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு.