நான்கு நிமிடத்தில் ஒரு கருவி

ஆசிரியப் பெருமக்களின் சுமையைக் குறைப்பதென்று எங்கள் கல்வி அலுவலகம் தீர்மானித்தது. குறைப்பதற்கென்று எளிமைப் பிரிவு, அந்தப் பிரிவுக்கு ஒரு தலைவர். தலைவர் அடியேன்தான். இனி எந்த ஆசிரியரும் ஒரு வரி புரோகிராம் எழுதாமல், தன் வகுப்புக்கு வேண்டிய ஏஐ கருவியைத் தானே செய்துகொள்ளலாம். அதற்கான திரையை வடிவமைத்த மகானும் நானே.

முதலில் அதில் ஒரே ஒரு கட்டம் இருந்தது: "உங்களுக்கு என்ன வேண்டும்?" கமிட்டிக்குப் போனது. ஒரே கட்டத்துக்கு ஒன்பது உறுப்பினர்கள் எதற்கு என்று யாரும் கேட்டுவிடக் கூடாதல்லவா? ஆளுக்கு ஐந்து கட்டம் சேர்த்தார்கள். கருவியின் நோக்கம், தொலைநோக்கு, குணம் கனிவா கண்டிப்பா, முகம் சிரித்த முகமா சிந்திக்கும் முகமா. நான் மட்டும் சளைத்தவனா? "இந்தத் திரையின் எளிமையை இருநூறு சொற்களில் விளக்குக" என்று ஒன்று போட்டேன். ஆக மொத்தம் நாற்பத்தேழு.

சோதித்துப் பார்க்க ஓர் ஆசிரியர் வேண்டும். அலுவலக நேரமாகப் பார்த்து ஆசிரியர்கள் எல்லாம் வகுப்புக்குப் போய்த் தொலைக்கிறார்கள். அதனால் எங்கள் ஸ்டோர் கீப்பரை ஆசிரியராகப் பாவித்து உட்காரவைத்தோம். மனிதர் எல்லாக் கட்டத்திலும் 'அ' என்று அடித்துவிட்டு, டீ ஆறுவதற்குள் எழுந்துவிட்டார். நான்கே நிமிடம். கோப்பில் பதிவு செய்தோம், போஸ்டர் ஒட்டினோம், மாதத்துக்குள் ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு கருவி செய்தாக வேண்டும் என்று உத்தரவும் போட்டோம்.

என் அக்கா ஐந்தாம் வகுப்பு டீச்சர். திங்கட்கிழமை போன் செய்தாள். அவள் வகுப்பில் ஐந்து பிள்ளைகளுக்கு வகுத்தல் வரவில்லை. வெள்ளிக்கிழமை பரீட்சை. தேறாவிட்டால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம். தினமும் கடைசிப் பீரியடில் அவர்களுக்கென்று தனியாகச் சொல்லிக்கொடுத்து வந்தாள். கருவியைக் கடைசிப் பீரியடில்தான் செய்ய வேண்டும் என்றது எங்கள் உத்தரவு. அந்த வரியை எழுதியது யார் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

"நாலு நிமிஷம்தானே அக்கா," என்றேன்.

"அப்போ நேர்ல வந்து முடிச்சுக் காட்டுடா."

கள ஆய்வு என்று எழுதிவைத்துவிட்டுப் போனேன். அக்கா பன்னிரண்டாம் கட்டத்தில் மாட்டியிருந்தாள்: 'கருவியின் விழுமியங்கள்.' அதில் என்ன எழுதுவதென்று எனக்கும் தெரியவில்லை. அவளுக்குப் பதிலாக நான் உட்காரவும் வழியில்லை. ஆசிரியரின் முகம் கேமராவில் தெரிந்துகொண்டே இருந்தால்தான் திரை திறந்திருக்கும். எல்லாம் நம்ம ஏற்பாடு. "சும்மா நிக்காதே, போய் அந்த அஞ்சு பேரையும் பாரு," என்று விரட்டினாள்.

போனேன். பதினேழு சாக்பீஸை ஐந்து பேருக்குப் பங்கு போட்டேன். ஆளுக்கு மூன்று, மீதி இரண்டு. மீதியை ஏன் ஒடித்துக் கொடுக்கக் கூடாது என்று இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் கேட்டாள். ஒடித்துப் பார்த்தோம். இப்படியே தினமும் போனேன். வியாழக்கிழமை அந்தப் பெண் ஒரு கணக்கைத் தானாகவே போட்டு நீட்டினாள். பதினெட்டு வருஷ உத்தியோகத்தில் அப்படியொரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

அதே நேரம் அக்காவும் நாற்பத்தேழாம் கட்டத்தை முடித்து அனுப்பினாள். 'எளிமைப் பிரிவுத் தலைவரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்று வந்தது. தலைவர் பக்கத்தில்தான் சட்டையெல்லாம் சாக்பீஸ் தூளாக நின்றிருந்தார். ஆனால் தலைவர் தம் அலுவலகக் கம்ப்யூட்டரில்தான் ஒப்புதல் தர முடியும். பாதுகாப்பு முக்கியம்.

வெள்ளிக்கிழமை ஐந்து பேரும் தேறினார்கள். அலுவலகத் திரை கணக்குப் போட்டது: கருவிக்குச் செலவான நாள் நான்கு, தேர்ச்சி நூறு சதவீதம். இயக்குநர் பூரித்துப்போய் எனக்கு விருது அறிவித்தார். கருவி இன்னும் திறக்கவே இல்லை, சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று அவரிடம் மெல்லச் சொன்னேன்.

"உண்மைதான். ஆனா அதுக்கு விருது கிடையாதே," என்றார்.

மேடையில் கருவிக்கு நன்றி சொன்னேன். பலத்த கைதட்டல். மறுநாளே, ஐந்தாம் வகுப்பின் சீரிய அனுபவத்தை முன்னிட்டு வாரம் ஒரு கருவி, எந்தப் பீரியடிலும் செய்யலாம் என்று புது உத்தரவு, என் கையெழுத்தோடு.

அக்கா போன் செய்தாள். "எங்க ஸ்கூல்ல பதினோரு டீச்சரும் கட்டம் நிரப்புறோம். பதினோரு வகுப்பும் சும்மா கிடக்கு. நீ எத்தனை வகுப்புக்குடா வருவே?"

கூட்டம் இருக்கிறதென்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அன்று மாலை என் மகள் குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பள்ளியில் நாள் முழுக்க விளையாட்டாம். அப்போ மிஸ் என்ன செய்தார்கள் என்று கேட்டேன்.

"லேப்டாப்பைப் பார்த்து அழுதுட்டு இருந்தாங்கப்பா."

மறுநாள் அவள் பள்ளி வாசலில் பெற்றோர் கூடி நின்று ஒரு மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். நல்லதாயிற்று, தட்டிக் கேட்க நாலு பேர் இருக்கிறார்கள் என்று நெஞ்சு நிறைந்தது. வாங்கிப் படித்தேன். மற்றப் பள்ளிக்கெல்லாம் வாரம் ஒரு கருவியாம், எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு வேண்டும் என்று இருந்தது. பேனாவையும் நீட்டினார்கள். போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். போட்டேன்.