ஜல்தி சார் போட்ட துண்டு

பூமியில் பிறந்த மனிதர்களில் உட்காரத் தெரியாதவர் ஒரே ஒருவர்தான். அவர் விழுப்புரத்தில் இருக்கிறார். வீட்டில் வைத்த பெயர் என்னவோ, எங்களுக்கு ஜல்தி சார். விழுப்புரத்தில் புறப்பட்டுத் திண்டிவனம் வழியாகப் போகும் காலைப் பாசஞ்சரில், நான் பள்ளிக்கூடத்துக்கும் அவர் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டிக்கும் வருஷக்கணக்காக ஒன்றாகப் போய்வந்தோம். நான் உட்கார்ந்து போனேன். அவர் நடந்து போனார். இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்குமாக அவர் நடந்த நடையைத் தண்டவாளத்தோரம் நேராக நடந்திருந்தால், ரயிலுக்கு முன்னால் திண்டிவனம் போய்ச் சேர்ந்திருப்பார்.

பேரணி ஸ்டேஷனைத் தாண்டினால் போதும், "ஜல்தி, ஜல்தி, திண்டிவனம் வந்துட்ச்சி" என்று தூங்குகிறவர்களை எல்லாம் எழுப்பிவிடுவார். நடுவில் மயிலம் என்று ஓர் ஊர் இருப்பதை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. இட்லியை நின்றுகொண்டே விழுங்குவார். பேப்பரை நடந்துகொண்டே படிப்பார். கல்யாணத்தன்று அக்கினியைச் சுற்றச் சொன்னபோது பெண்ணின் கையை விட்டுவிட்டு ஒரு சுற்று முன்னால் போய்விட்டாராம். இதை அவர் வீட்டம்மாவே என்னிடம் சொன்னார். அந்தக் கோபம் அந்த அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை.

அப்படிப்பட்டவருக்குப் போன வருஷம் அறுபது வந்தது. வீட்டில் அறுபதாம் கல்யாணப் பேச்சை எடுத்தார்கள்.

"மணையில காலையிலேர்ந்து குந்திக்கினே இருக்கணுமாம் டீச்சர். நம்மால ஆவாது" என்று என்னிடம் புலம்பினார். கல்யாணத்துக்குப் பதிலாகப் பிறந்தநாள் முழுக்க நாலு பேருக்கு நல்லது செய்வதாக வீட்டில் சொல்லித் தப்பித்துவிட்டார்.

ஆனால் அவரை அரித்துக்கொண்டிருந்தது வேறு. அறுபது ஆகிவிட்டதே, இந்த மாசத்தோடு வீட்டில் ஓய்வெடுங்கள் என்று மண்டி முதலாளி மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

"ஊட்ல சாய்வு நாற்காலி வாங்கிட்டாங்க டீச்சர். அதுல குந்த வெச்சிட்டா நான் அவ்ளோதான். அப்பறம் என்னால யாருக்கு என்னா உபயோகம்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பிறந்தநாள் காலையில் பிளாட்பாரமே நடுங்கியது. முதலில், தவித்து நின்ற ஒரு பெண்ணின் பையைப் பிடுங்கி எங்கள் ரயிலில் ஏற்றினார். அந்தப் பெண் போக வேண்டியது திருச்சிக்கு. பையை மீட்டுக் கொடுத்துவிட்டு, பிளாட்பாரத்தில் நின்ற எல்லாருடைய தண்ணீர் பாட்டிலையும் நிரப்பிவந்தார். ஒரு மூடியும் ஒரு பாட்டிலுக்கும் பொருந்தவில்லை. என் மதியச் சாப்பாட்டுப் பை நனைந்ததைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை.

பெரிய நன்மையை அதற்குப் பிறகு செய்தார். எங்கள் ரயிலில் துண்டுதான் சட்டம். ஜன்னல் வழியாக ஒரு துண்டு விழுந்துவிட்டால் அந்த இடம் துண்டுக்காரருக்கு. டிக்கெட் பரிசோதகரிடம் வாதாடுகிறவர்கள்கூடத் துண்டிடம் வாதாட மாட்டார்கள். ஜல்தி சார் ஒரு மூட்டை புதுத் துண்டுகளோடு வந்திருந்தார். கூட்டம் ஏறுவதற்கு முன்பே எங்கள் பெட்டியில் ஒரு சீட் விடாமல் துண்டு போட்டார். வயசானவர்கள், கைப்பிள்ளைக்காரிகள், சுமையோடு வரும் பெண்கள் எல்லாரும் இன்றைக்கு ஒருநாளாவது உட்கார்ந்து போகட்டும் என்பது திட்டம். எனக்கு மட்டும் சிபாரிசில் ஜன்னலோரம் கிடைத்தது.

வயசானவர்கள் வந்தார்கள். எட்டிப் பார்த்தார்கள். பெட்டி முழுக்கத் துண்டு, நடுவில் பட்டுப்புடவை மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு நான். "கல்யாண பார்ட்டி போலகீது" என்று ஒருவர் சொல்ல, அத்தனை பேரும் மரியாதையாக அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்கள். ஜல்தி சார் பிளாட்பாரத்தில் ஓடி ஓடிக் கூப்பிட்டார். கூப்பிடக் கூப்பிடச் சந்தேகம்தான் அதிகமானது. மற்ற பெட்டிகளில் ஜனம் கதவில் தொங்க, எங்கள் பெட்டி காலியாகக் கிளம்பியது.

கண்டமங்கலம் பக்கமிருந்து கீரைக்கூடையோடு வரும் ஓர் அம்மா மட்டும் அவசரத்தில் ஏறிக் கதவோரம் நின்றிருந்தார். ஜல்தி சார் அவரிடம் கும்பிடாத குறையாகக் கெஞ்சினார்.

"எல்லா எடமும் காலியாத்தான் கீது. குந்தும்மா."

"துண்டு போட்டவங்க வந்தா பேஜாருப்பா."

"போட்டதே நான்தாம்மா. எனக்கு இன்னிக்கி பொறந்தநாளு."

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "துண்டுக்காரன் நீயே நின்னுக்கினு கீற. நான் எப்டி குந்தறது? நீ குந்து, நான் குந்தறேன்."

ஜல்தி சார் என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை. கூடை அந்த அம்மாவின் தலையிலேயே இருந்தது, அவர் கழுத்து லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஜல்தி சார் அதையும் பார்த்தார். பிறகு, சுடுகிற பாத்திரத்தைத் தொடுகிறவர் மாதிரி மெதுவாக உட்கார்ந்தார். அந்த அம்மா கூடையை இறக்கி எதிரே உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார்.

விக்கிரவாண்டியில் அந்த அம்மாவே ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார், துண்டுக்காரரே குந்திக்கினு கீறாரு, வாங்க என்று. பக்கத்துப் பெட்டியில் நசுங்கிக்கொண்டிருந்தவர்கள் இறங்கி வந்து ஏற, சீட் எல்லாம் நிறைந்தது. ஜல்தி சாருக்குக் காலிரண்டும் தாளம் போட்டன. மயிலத்தில் எழப்பார்த்தார்.

"நீ எழுந்தா எல்லாம் எழுந்துடும்" என்று அந்த அம்மா அதட்டினார்.

திண்டிவனம் வரை உட்கார்ந்தே வந்தார். வழியில் மயிலம் என்று ஓர் ஊர் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். "குந்தனாலும் நாலு பேருக்கு உபயோகந்தான் போல டீச்சர்" என்று இறங்கும்போது என் காதோரம் சொன்னார்.

மண்டி வேலையிலிருந்து நின்றுவிட்டார். சாய்வு நாற்காலியில் துணி காய்கிறதாக அவர் வீட்டம்மா சொல்கிறார். ஆனால் காலையில் இன்னமும் ஸ்டேஷனுக்கு வருகிறார். கீரைக்கார அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று துண்டு போட்டுவிட்டு, ரயில் கிளம்பியதும் பிளாட்பார முனைவரை கூடவே ஓடிவந்து கையாட்டுகிறார்.

சீக்கிரம் போனால் எனக்கே இடம் கிடைக்கும், அது எனக்குத் தெரியும். நான் இப்போதெல்லாம் தாமதமாகத்தான் போகிறேன்.