பாப்அப் வீரன் தடுத்த மதிப்பெண்

பெரம்பலூர்
28.5.2006

மதிப்பிற்குரிய வீரமணி மச்சான் அவர்களுக்கு,

வெற்றிச்செல்வியை மில்லுக்கு அனுப்பியது நீங்கள்தான். நீங்கள் என் தலையில் கட்டிய விளம்பரத் தடுப்பு சிடிதான். நலம் விசாரிக்கும் வரியை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். அரியலூரில் அத்தையும் மாமாவும் சுகம். மகன் மெட்ராசில் சாப்ட்வேரில் இருக்கிறான் என்று தெருவில் போகிறவனையெல்லாம் நிறுத்திச் சொல்கிறார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. மரியாதை இத்தோடு முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது பழைய பஸ் ஸ்டாண்டு மாடியில் என் பிரவுசிங் சென்டருக்கு வந்து, கூடியிருந்த எட்டுப் பேர் முன்னால் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினீர்கள். உடனே பெட்டி பெட்டியாகக் குதித்தது. பத்து லட்சமாவது ஆள் நீங்கள்தான், பரிசை வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒன்று. ஏழே நாளில் வழுக்கையில் முடி என்று ஒன்று. பாதி உடுத்திய ஒருத்தி கண்ணடிப்பது ஒன்று. "பாத்தியா அறிவு, பொம்பளப் புள்ளைங்க வர்ற எடம், இதையெல்லாம் பாத்தா நாளைக்கு எவன் வூட்டுலேருந்து அனுப்புவான்?" என்று கேட்டீர்கள். பிறகு சிடியைப் போட்டீர்கள். வாள் பிடித்த மீசைக்காரன் ஒருவன் திரையின் மூலையில் வந்து நின்றான். பெட்டிகள் எல்லாம் காணாமல் போயின. எட்டுப் பேரும் கைதட்டினார்கள், நான் பாப்அப் வீரனை வாங்கினேன். நீங்கள் அன்று திறந்த பக்கம் இன்டர்நெட்டிலேயே கிடையாது, அதே சிடிக்குள் இருந்தது என்பதை மாசி மாதம் கண்டுபிடித்தேன். பாம்பையும் கொண்டுவந்து, பாம்பு பிடிக்கிறவனையும் நீங்களே கூட்டிவந்திருக்கிறீர்கள்.

சரி, சொந்தக்காரர், போகட்டும் என்று விட்டேன். ஆனால் ஊரான் விளம்பரத்தைத் தடுத்த வீரன் தன் விளம்பரத்தைத் தடுக்கவில்லை. கால் மணிக்கு ஒரு முறை வாளைச் சுழற்றிக்கொண்டு வந்து, இன்று முந்நூறு விளம்பரங்களை வெட்டினேன், இன்னும் வெட்ட என் கோல்டு பதிப்பை வாங்குங்கள் என்று நிற்பான். மூடினால் இன்னொரு பெட்டி, நிச்சயமாக வேண்டாமா என்று. லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு அக்கா வெள்ளிதோறும் வந்து துபாயில் இருக்கிற வீட்டுக்காரரைக் கேமராவில் பார்த்துப் பேசுவார். இரண்டு வருஷமாக நேரில் பார்க்காத முகம். சரியாக அந்த முகத்தின் மேல் போய் நின்றான். "தம்பி, எங்க வூட்டு ஆளை மறைச்சுக்கிட்டு நிக்கிறானே, யாரு இவன்? தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்றார். உங்கள் கம்பெனிக்குப் புகார் எழுதலாம் என்று போனேன். புகார்ப் படிவம் ஒரு தனிப் பெட்டியாகத் திறக்குமாம். அதை விளம்பரம் என்று வீரன் வெட்டிவிட்டான். அதனால்தான் இந்தத் தபால்.

இனி போன திங்கட்கிழமைக்கு வருகிறேன். ப்ளஸ் டூ ரிசல்ட். மாடிப்படி முழுக்க ஆள். முதல் வரிசையில் ரஞ்சன்குடியிலிருந்து விடிகாலை பஸ்ஸில் வந்த பூமாலைச் சித்தப்பா. உங்களுக்கு மாமா முறை, மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். பக்கத்தில் அவர் மகள் வெற்றிச்செல்வி, பள்ளிக்கூட யூனிபாரத்திலேயே. எங்கள் தெருவில் பன்னிரண்டாவது வரை வந்த முதல் பெண். பாஸானால் இன்ஜினியரிங்குக்கு மனு போடுவது, பெயிலானால் மில்லுக்குப் போவது என்று சித்தப்பா முன்பே பேசி முடித்திருந்தார். மில் ஏஜெண்டு பழனிவேல் கீழே டீக்கடையில் வேனை நிறுத்திவிட்டு மேலே யார் முகம் வாடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

நம்பரைப் போட்டேன், பிறந்த தேதியைப் போட்டேன், தட்டினேன். மதிப்பெண் பட்டியல் தனிப் பெட்டியாகத் திறக்க வேண்டும். உங்கள் வீரன் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் அதை வெட்டிப் போட்டான். ஒரு விளம்பரம் தடுக்கப்பட்டது, நிம்மதியாக இருங்கள் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனான். நான் சர்வர் நெரிசல் என்று நினைத்தேன்.

"நம்பர் வல்லியா?" என்றார் சித்தப்பா.

"வரல சித்தப்பா. செத்த இருங்க."

இருக்கவில்லை. ஏன் இருப்பார்? அவர் காலத்தில் பேப்பரில் பாஸானவர்கள் நம்பர் மட்டும்தான் போடுவார்கள். நம்பர் வந்தால் பாஸ், வராவிட்டால் பெயில். அவருடைய பத்தாவது நம்பர் வரவில்லை, மறுநாள் களை வெட்டப் போனார். அவரைப் பொறுத்தவரை, வரவில்லை என்றால் ஒரே அர்த்தம்தான்.

"பொட்டி தொறக்கலப்பா, அவ்ளோதான். பெயில்னு யாரு சொன்னா?" என்றாள் வெற்றிச்செல்வி.

"அவந்தான் சொல்றானே, வல்லன்னு. நாலு பேரு முன்னால மானத்த வாங்காத, வா."

கையைப் பிடித்துக் கீழே கூட்டிப் போனார். எனக்குப் பின்னால் முப்பது பேர் நெருக்கினார்கள். அடுத்த பையனுக்கும் வரவில்லை. அதற்கடுத்த பெண்ணுக்கும் வரவில்லை, அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு நல்லுசாமி வாத்தியார் தன் மகன் நம்பரைக் கொடுத்தார். அவனுக்கும் வரவில்லை. "எம் பையன் பெயிலா? கம்ப்யூட்டரு பெயிலுடா!" என்று கத்தினார். ஊரில் வாத்தியார் மகன் பெயிலானால்தான் மெஷினைச் சந்தேகப்படுவார்கள். பூமாலை மகள் பெயிலானால் யாரும் சந்தேகப்படுவதில்லை. நான்கூடப் படவில்லை மச்சான், அதுதான் எனக்கு ஆறவில்லை.

அப்போதுதான் மூலையில் வீரன் காட்டிய வரியைப் படித்தேன், அவனைக் கம்ப்யூட்டரிலிருந்து தூக்கப் போனேன். ஏன் பிரிகிறீர்கள் என்று கேட்டான், ஏழு காரணம் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னான். பாதி விலைக்குத் தருகிறேன் என்றான். கடைசியில் கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னான். அது எழுந்து நீலத்திரையில் தன் உடம்பையெல்லாம் சோதித்துக்கொண்டு வருவதற்குள் கீழே வெற்றிச்செல்வியை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பிவிட்டது. பெட்டி திறந்தது. அவளுக்கு ஆயிரத்து இருபத்தொன்று. கணக்கில் நூற்றுத் தொண்ணூற்றாறு. அச்செடுத்துக்கொண்டு டிவிஎஸ் பிப்டியில் துரத்தினேன். திங்கட்கிழமை அல்லவா, சிறுவாச்சூரில் கோயிலுக்கு வந்த கூட்டம் ரோட்டை அடைத்து நின்றது. வேன் அதற்கு முன்பே தாண்டியிருந்தது.

சித்தப்பாவுக்கு அந்தக் காகிதத்தைக் காட்டினேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். "இத்தன மார்க்கா? எம் புள்ளையா?" என்றார். வெற்றிச்செல்வியைப் பெற்ற ஆண்டாயி சின்னம்மா என்னைப் பார்த்து, "வல்லன்னு சொன்னவனும் நீதானடா?" என்றது.

புதன்கிழமை நானும் சித்தப்பாவும் திருப்பூர்ப் பக்கம் மில்லுக்கே போனோம். மாதம் ஒரு தடவைதான் பார்க்க விடுவார்களாம், அதுவும் கடைசி ஞாயிறு, இந்த மாதம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கிடையாதாம். வாட்ச்மேன் மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை, எங்கள் செருப்பைப் பார்த்தான். வாசலில் பெரிய போர்டு. மூன்று வருஷம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம், பக்கத்தில் சிரித்தபடி ஒரு பெண். நம் பஸ் ஸ்டாண்டு சுவரில், ரேஷன் கடையில், பள்ளிக்கூடக் காம்பவுண்டில் ஒட்டியிருக்கிறதே, அதே பெண். யார் பிள்ளையையும் கொண்டுபோகாத வழுக்கை விளம்பரத்தை வெட்ட ஆயிரம் வீரன் விற்கிறீர்கள். இந்தப் போஸ்டரின் மேல் சாணி அடிக்கக்கூட இங்கே ஒரு நாதியில்லை.

இன்ஜினியரிங் மனுவில் அவள் கையெழுத்து வேண்டும். கடைசித் தேதி ஜூன் ஐந்து. ஆகவே நீங்கள் உங்கள் கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பேன்ட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து, அந்த வாட்ச்மேனிடம் இங்கிலீஷ் பேச வேண்டும். பொங்கலுக்கு எட்டுப் பேரைக் கைதட்ட வைத்தவருக்கு ஒரு கேட்டைத் திறக்க வைப்பதா கஷ்டம்?

அக்காவுக்கும் குழந்தைக்கும் என் அன்பு. குழந்தை நோய்நொடியில்லாமல் வளரட்டும், யாருக்கும் எதையும் விற்காமல் வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தை மகன்,
அறிவரசன்

பி.கு.: கவரை ஒட்டப் போனவன் பிரித்து எழுதுகிறேன். மேலே, வீரன் யாரையும் கேட்காமல் வெட்டினான் என்று எழுதியிருப்பது பொய். கேட்டான். இந்தப் பெட்டியைத் திறக்கவா, எப்போதும் தடுக்கவா என்று கேட்டுவிட்டுத்தான் வெட்டினான். நாலு மாதமாக அவன் என்ன கேட்டாலும் படிக்காமல் அமுக்கி அமுக்கிப் பழகிய கை, அன்றும் படிக்காமல் அமுக்கியது. எப்போதும் தடு என்று அமுக்கியது நான்தான். சித்தப்பாவுக்குத் தெரியாது. சின்னம்மாவுக்கும் தெரியாது. உங்களிடம் மட்டும் சொல்கிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள், அதை நேரில் வந்து திட்டுங்கள். சனிக்கிழமை காலை ஐந்தரைக்குத் திருச்சி பஸ் ஏறுகிறேன், அங்கிருந்து திருப்பூர். திருச்சி ஸ்டாண்டில் எட்டு மணி வரை நிற்பேன். வருகிறீர்களா, இல்லையா?