எதிர்க்கட்சி மாமா நின்ற வரிசை

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் எதிர்க்கட்சி மாமாவிடம் திட்டு வாங்காத ஒருவர் இருந்தால், அவர் இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் விலக்கு கிடையாது. துபாயிலிருந்து வந்த பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர், பெட்டியை வழியில் வைத்த குற்றத்துக்காக, சொந்த ஊர் பஸ் ஏறுவதற்குள் வாங்கிக் கட்டிக்கொண்டதை நானே பார்த்தேன்.

மாமாவுக்குச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலை. தனியார் பஸ்கள் நேரத்துக்குக் கிளம்பாவிட்டால் டிரைவரோடு சண்டை போட வேண்டும், அதற்குச் சம்பளம். சம்பளம் கொடுக்காவிட்டாலும் மனிதர் அதைத்தான் செய்திருப்பார். கீரப்பாளையத்துக்கு உள்ளே இருக்கும் எங்கள் காலனிக்கு வந்தால் ஓவர்டைம். கல்யாண வீட்டில் சாம்பாரைத் திட்டுவார், சாவு வீட்டில் பந்தலைத் திட்டுவார். மாதா கோயில் மைக் சத்தம் ஜாஸ்தி என்பார், மாரியம்மன் கோயில் மைக் சத்தம் போதவில்லை என்பார். அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் எதிர்க்கட்சிதான்.

இரண்டாயிரத்து ஆறு உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் பதவியை ஆதிதிராவிடப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். ஊர்த்தெருப் பெரிய மனிதர்கள் கூடிப் பேசி, "காலனியிலயே ஒருத்தரை முடிவு பண்ணுங்க, வேற யாரும் நிக்க மாட்டாங்க, அன்னபோஸ்ட்டா வந்துடட்டும்" என்று சொல்லி அனுப்பினார்கள். கேட்பதற்கு எவ்வளவு பெருந்தன்மை. அதற்குப் பின்னால் ரைஸ் மில்காரர் இருந்தார். அவர் மில்லில் நெல் காயவைக்கும் ராணியைத் தலைவராக்கிவிட்டால் கையெழுத்து ராணி போடுவார், நாற்காலியில் மில்காரர் உட்காருவார். பக்கத்துப் பஞ்சாயத்தில் அப்படித்தான் நடந்தது. தலைவராக வந்த பெண்மணி பதவிக்காலம் பூராவும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே அவர் பெயர் எழுதிய போர்டு தொங்கியது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

எதிர்த்து நிற்க வந்தவர் தையல் மிஷின் வைத்திருந்த மேரி அக்கா ஒருவர்தான். கூப்பிடுவதுதான் மேரி, சர்டிபிகேட்டில் இந்து ஆதிதிராவிடர். "பிரசிடெண்ட்டுன்னா சேர்ல உக்காரணும். நான் உக்காருவேன்." அவருடைய தேர்தல் அறிக்கை அவ்வளவுதான்.

அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னால், யார் வேட்பாளர் என்று முடிவு செய்யக் கட்சிக்குள்ளேயே ஒரு தேர்தல் வைப்பார்களாம். எங்கள் காலனியிலும் அதே கதைதான், ஓட்டுப்பெட்டி மட்டும் கிடையாது. சமுதாயக் கூடத்து வாசலில் இரண்டு பேரும் நிற்க வேண்டும். யார் பின்னால் வரிசை நீளமோ அவர் வேட்பாளர். மில் மேஸ்திரி ஓரமாக உட்கார்ந்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். காலனியில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த மில்லில்தான் பிழைப்பு. மேரி அக்கா பின்னால் போய் நிற்க எவருக்குத் துணிச்சல் வரும்?

அக்கா ஆதரவு கேட்டு முதலில் போனது மாமாவிடம். துணைக்கு நானும் போனேன்.

"நான் உம் பின்னாடி நின்னா வர்ற நாலு பேரும் வர மாட்டான். போம்மா, போய் வேலையைப் பாரு" என்று விரட்டிவிட்டார்.

அதோடு விட்டாரா? மறுநாளே ராணிக்குப் பிரசாரம் செய்யக் கிளம்பிவிட்டார். மேரி அக்கா முகம் செத்துவிட்டது. எனக்கோ ஆத்திரமான ஆத்திரம். ஊரில் இருக்கிற சகலத்தையும் எதிர்க்கிற மனிதர், எதிர்க்க வேண்டிய ஒரே சமயத்தில் போய் மில்காரர் பக்கம் சாய்ந்தால் என்ன செய்வது?

அவருக்குப் புகழ்ந்து பழக்கமில்லை என்பது வாயைத் திறந்ததும் தெரிந்தது. குழாயடியில் நின்று தொண்டை கிழியப் பேசினார். "ராணி மாதிரி அடக்கமான பொண்ணு எங்க கெடைக்கும்? மொதலாளி நில்லுன்னா நிக்கும், குந்துன்னா குந்தும். சேர்ல அவரு உக்காருவாரு, இது கீழ பாய் போட்டுக்கும். சேர் தேயுமா? தேயாது. இதைவிட நம்ம சனத்துக்கு என்னா கௌரவம் வேணும்?"

தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தை நங்கென்று வைத்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த மேஸ்திரிக்குத் தலையை ஆட்டுவதா, அடிக்கக் கை ஓங்குவதா என்று தெரியவில்லை. தங்கள் ஆளைத்தானே புகழ்கிறார், என்ன சொல்லித் தடுப்பது?

பிரசாரத்துக்கு நடுவே புதுச் சண்டைகள் வேறு. அவரோடு முகம் கொடுத்துப் பேசுகிற வீடு காலனியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஒவ்வொன்றாகத் தேடிப் போய் வம்பிழுத்தார். கொத்தனார் சவரிமுத்து ஆசையாசையாகப் போட்ட புது இரும்புக் கேட்டைப் பார்த்து, "மாட்டுக் கொட்டாய்க்கு எதுக்குடா இவ்ளோ பெரிய படல்?" என்று கேட்டார். சவரிமுத்துவின் மனைவி அன்றைக்கு வாசலில் இறங்கிப் பேசிய பேச்சை இங்கே அச்சடிக்க முடியாது.

என்னையும் விடவில்லை. அப்போது கடலூரில் ஒரு ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒருநாள் காலை, நிறைந்த பஸ்ஸுக்குள் தலையை நீட்டி, "இவரு ஆபீசருங்கோ. டீ வாங்கியாந்து குடுக்கிற ஆபீசர். அதுக்கு ஒரு இன் பண்ண சட்டை" என்றார்.

நான் டீ வாங்கிக் கொடுத்தது உண்மைதான். அதற்காக? எங்கள் வீட்டில் எத்தனை பொங்கலுக்குச் சாப்பிட்ட மனிதர். பஸ்ஸை விட்டு இறங்கி, "இனிமே நீங்க யாரோ நான் யாரோ. உங்ககூட எனக்குப் பேச்சே கெடையாது" என்று கத்தினேன்.

"சரி, உன்னுது முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸை விரட்டப் போனார். அந்தத் திமிர் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

கூட்டத்தன்று ராணியும் மேரி அக்காவும் வாசலில் வந்து நின்றார்கள். முதல் ஆளாகப் போய் மாமா ராணிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ம், வாங்க ஒவ்வொருத்தரா" என்றார் மேஸ்திரி.

சவரிமுத்து எழுந்தார். "மேஸ்திரி, தப்பா நெனைக்காதீங்க. மொதலாளி மேல எனக்கு ஒண்ணுமில்ல. இந்த ஆளு நிக்கிற வரிசையில நான் நின்னா வூட்ல சோறு போட மாட்டா" என்று சொல்லிவிட்டு மேரி அக்கா பின்னால் போய் நின்றார்.

"எனக்கும் அந்தாளுக்கும் ரெண்டு வருசமாப் பேச்சுவார்த்தை இல்லீங்க" என்று இன்னொருவர் போனார். "எம் பொண்ணு கல்யாணத்துச் சாம்பாரைத் தண்ணின்னான்" என்று ஒரு அம்மா போனார். பிறகு காரணம் சொல்லக்கூட யாரும் நிற்கவில்லை, ஓடினார்கள். நானும் ரோஷமாகப் போய் நின்றேன்.

மேஸ்திரிக்கு வேர்த்துவிட்டது. "யோவ், நீ கொஞ்சம் தள்ளி நில்லுய்யா."

"நான் ஏன் தள்ளணும்? மொதலாளி ஆளுக்கு நிக்கிறது தப்பா? அவரையே வந்து சொல்லச் சொல்லு" என்றார் மாமா.

கடைசியில் ராணியே திரும்பிப் பார்த்தார். பின்னால் மாமா ஒருவர்தான் இருந்தார். "எனக்கு இந்தப் பதவியும் வேணாம், பாயும் வேணாம். இந்தாளு என்னைப் புகழ்ந்ததைக் கேட்டு ஒரு வாரமாத் தூக்கமில்ல" என்று சொல்லி, நேராக நடந்து வந்து மேரி அக்கா வரிசையில் சேர்ந்துகொண்டார்.

அத்தனை பெரிய வாசலில் மாமா ஒற்றை ஆளாக நின்றார். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. மேஸ்திரியிடம் சொல்ல ஆளுக்கு ஒரு சாக்கு வேண்டும், வேலையும் போகக் கூடாது. அந்தச் சாக்கைத்தான் மனிதர் வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இதை வெளியில் சொல்லவும் வழியில்லை. சொன்னால் மில்காரர் சும்மா விடுவாரா? அதனால் எவரும் அவரோடு ராசியாகவில்லை. அவரும் எவரையும் சமாதானம் செய்யவில்லை.

மேரி அக்கா அன்னபோஸ்ட்டாக வந்தார். பதவியேற்ற அன்றைக்கு மில்காரர் பஞ்சாயத்து ஆபீசுக்கு உள்ளே வந்து பார்த்தபோது அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. "வாங்க, உக்காருங்க" என்று எதிரே இருந்த பெஞ்சைக் காட்டினார். காலனியே உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு அதைப் பார்த்தது.

மாமா மட்டும் வெளியே நின்றார். தோற்ற கட்சி ஆயிற்றே, எப்படி உள்ளே வருவார்? வெள்ளையடித்தது சரியில்லை, ஜன்னல் கோணல் என்று முனகிக்கொண்டே, அந்தக் கோணல் ஜன்னல் வழியாக நாற்காலியை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. நான் கூட்டத்தை விட்டு வெளியே வந்து அவருக்குப் பின்னால் போய் நின்றேன்.

"இங்க எதுக்குடா வந்த? உனக்கும் எனக்கும்தான் பேச்சில்லையே" என்றார், திரும்பாமலே.

"பேசல மாமா. உங்க பின்னாடி சும்மா நிக்கிறேன்" என்றேன்.