இரண்டு மாடிக்கு நடுவில் ஒரு சோள சாலட்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவனும், ‘வெந்நீர் வைக்கச் சொன்னால் அதையும் அடிப்பிடிக்க வைக்கிற ஆள்’ என்று தங்களால் போகிற இடமெல்லாம் புகழப்பட்டு வருபவனுமாகிய அடியேன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். தங்கள் தங்கை வலது மணிக்கட்டு நீங்கலாக நலம். தாங்களும் அக்காவும், தாங்கள் தலைமைச் சமையற்காரராக ஆட்சி செய்யும் ஓட்டலின் அடுப்புகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும். கையில் சூடாக எதையும் வைத்திருக்க வேண்டாம்.

முதலில் மணிக்கட்டு. பால்கனிக் கதவுக்கு மேலே ஒட்டடை அடிக்கிறேன் என்று தங்கள் தங்கை ஸ்டூலில் ஏறினாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது பார்த்து நம் பெண் போன் செய்தாள். ஒரு கையில் ஸ்டூல், ஒரு கையில் போன், காது கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டேன். “அப்பா, ஞாயித்துக்கிழமை ஒருத்தர வீட்டுக்குக் கூட்டிட்டு வரேன். எங்க ஆஸ்பத்திரியில கண் டாக்டர். ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்தவர். நாங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்” என்றாள். பின்னால் ‘தொம்’ என்று ஒரு சத்தம். தங்கள் தங்கை விழுந்தது ஸ்டூல் ஆடியதாலா, சேதி கேட்டதாலா என்று இன்றுவரை எங்கள் இருவருக்குள் ஒத்த கருத்து இல்லை. எலும்பு டாக்டர் மாவுக்கட்டுப் போடும்போது “வலிக்குதாம்மா?” என்று கேட்டார். “எந்த வலியக் கேக்கறீங்க?” என்று இவள் திருப்பிக் கேட்டாள்.

அவளுக்கு அந்தப் பையன் மேல் ஒரு குறையும் இல்லை மச்சான். தூரம்தான் குறை. “ஒரு தலைவலின்னா ஓடிப் போய்ப் பாக்க முடியுமா? ரெண்டு கடல் தாண்டணும். இருக்கறது ஒத்தப் பொண்ணு” என்று கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். எனக்கும் உள்ளுக்குள் அதே கலக்கம்தான். ஆனால் வீட்டில் ஒருவர் கலங்கும்போது இன்னொருவர் திடமாக இருக்க வேண்டும் என்பதால் நான் திடமாகப் போய் ஸ்டூலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவளே, “ஆளப் பாக்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லுங்க” என்றாள்.

சாப்பாடு என்றதும்தான் அடுத்த இடி. அவர் கறி, மீன் சாப்பிட மாட்டாராம். சரி. முட்டையும் கிடையாதாம். சரி. பால், தயிர், வெண்ணெய், நெய் எதுவும் ஆகாதாம். சரி சரி என்று கேட்டுக்கொண்டே வந்த நான், “தேனும் கிடையாதுப்பா” என்று பெண் சொன்னபோது நிறுத்தினேன். “தேன் என்னம்மா பாவம் பண்ணுச்சு?” “அது தேனீயோடதுப்பா.” “தேனீ வந்து இவர்கிட்ட புகார் குடுத்துச்சா?” “அப்பா!” என்றாள். அந்த ‘அப்பா!’வில் அவள் அம்மாவின் குரல் அப்படியே இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். கடையில் ஏதாவது வாங்கி வைத்துவிடலாம் என்று பார்த்தால், “வேணாம்ப்பா, நீங்களே செய்ங்க. முழுத் தானியத்துல, மசாலா போட்டு, ஆப்பிரிக்கப் பக்குவத்துல ஒரு சாலட். வீடியோ அனுப்பறேன்” என்கிறாள். நானா என்றேன். “பத்து மாடி லிஃப்டையே கழட்டி மாட்டினவர் நீங்க, ஒரு சாலட் மாட்ட முடியாதா?” என்றாள். லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவனை வேறு எதைச் சொல்லி உசுப்பியிருந்தாலும் நான் மசிந்திருக்க மாட்டேன்.

வீடியோவில் வந்த அம்மாள் முழுச் சோளம் வாங்கச் சொன்னாள். ஞாயிறு காலை நான் கடைக்குப் போய் “சோளம் குடுங்க” என்றேன். கடைக்காரர் மஞ்சளாக, குண்டு குண்டாக, முத்துப்போல ஒரு சோளத்தை அளந்து கொடுத்தார். அழகாக இருந்தது. அந்த அம்மாள் “தானியத்தை முதலில் வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுக்கவும்” என்றாள். தங்கள் தங்கை சமையலறை வாசலில் நாற்காலி போட்டு, கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு மேற்பார்வை. நான் சட்டியைச் சூடேற்றி, எண்ணெய் விடவே வேண்டாம் என்று அவள் சொல்வதைக் கேட்காமல் கொஞ்சம் விட்டு, சோளத்தைக் கொட்டி, வாசத்துக்காக மூக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். வாசம் வருவதற்கு முன்னால் ‘பட்’ என்றது. என் நெற்றியில் அடித்தது. அப்புறம் படபடபடவென்று அடுப்பு மேல, அலமாரி மேல, குழாய் மேல, உங்க தங்கச்சியோட தூளிக்குள்ள எல்லாம் வெள்ளை வெள்ளையா பூத்துக் கொட்டுது மச்சான்! பொரிக்கிற மக்காச்சோளத்தக் குடுத்து அனுப்பியிருக்கான் பாவி! உங்க தங்கச்சி தூளியிலேர்ந்து ஒண்ண எடுத்து வாயில போட்டுக்கிட்டு, “உப்பு இல்ல. எப்ப படம் போடுவீங்க?”ன்னு கேட்டா.

திரும்பவும் கடைக்கு ஓட்டம். இந்தத் தடவை, “பொரியாத சோளம், சின்னதா, வெள்ளையா, உருண்டையா இருக்குமே, அது” என்று சைகையோடு விளக்கி வாங்கி வந்தேன். அதை ராத்திரியே ஊற வைத்திருக்க வேண்டுமாம். அந்த அம்மாள் அதை வீடியோவின் கடைசியில் சொல்கிறாள்! முதலில் சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொல்கிறவர்களை என் வேலையில் நாங்கள் பக்கத்திலேயே விட மாட்டோம். வெந்நீரில் போட்டு, குக்கரில் ஏற்றி, விசில் மேல் விசிலாக விட்டு ஒருவழியாக வெந்தது. கடித்தால் மெத்தென்று, ஆனால் உருண்டை உடையாமல். எனக்கே கண் கலங்கிவிட்டது. சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சதுரம் சதுரமாக வெட்டிச் சுட்டேன். அளவுகோல் வைத்து வெட்டினேன் என்று தங்கள் தங்கை சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு தடவைதான் வைத்தேன். கொண்டைக்கடலை வெந்தது, வேர்க்கடலை வறுபட்டது, வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை எல்லாம் வரிசையில் நின்றன. மீதி இருந்தது மசாலா மட்டும்.

அந்த மசாலாவுக்குப் பெர்பெரே என்று பேராம். மிளகாய், வெந்தயம், தனியா, ஏலம், கிராம்பு, சுக்கு எல்லாம் வறுத்துப் பொடிக்க வேண்டும். இது நம்ம வீட்டு அஞ்சறைப் பெட்டிதானே, பேர்தானே புதுசு என்று எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் மிளகாயைக் கை நிறைய அள்ளிப் போட்டேன். அதே நேரம் பெண் போன் செய்து, “அப்பா, கீழ வந்துட்டோம், லிஃப்ட்ல ஏறறோம்”னு சொன்னா. நான் சட்டைய மாத்தலாம்னு ஒரே ஒரு நிமிஷம்தான் உள்ள போனேன் மச்சான். திரும்பி வந்தா சமையலறையே தெரியல. ஒரே கறுப்புப் புகை. உங்க தங்கச்சி இருமிக்கிட்டே இடது கையால அடுப்ப அணைச்சிட்டா. நான் ஜன்னலத் திறக்கறதுக்குள்ள நடைவழியில இருக்கிற புகை மணி ‘ஊ’ன்னு ஊர் கூடற மாதிரி கத்த ஆரம்பிச்சிடுச்சு. மணி கத்தினதும் கீழ இருந்த வாட்ச்மேன் தீதான்னு பயந்து மெயின் சுவிட்ச இழுத்துட்டான். மெயின் போச்சா, லிஃப்ட் நின்னுச்சு. எங்க நின்னுச்சு? மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல. உள்ள யாரு? நம்ம பொண்ணும் மாப்பிள்ளையும்!

வாட்ச்மேனிடம் சாவியை வாங்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஓடி வெளிக்கதவைத் திறந்தேன். லிஃப்டின் தரை என் கண் உயரத்தில் இருந்தது. பளபளவென்று ஒரு ஜோடி கறுப்பு ஷூவும், பக்கத்தில் நம் பெண்ணின் செருப்பும் தெரிந்தன. மாப்பிள்ளையை நான் பார்க்கத் தொடங்கியது காலிலிருந்துதான். அவர் குனிந்து, “மாமா, வணக்கம்” என்று பழகிப் பழகி வைத்திருந்த தமிழில் சொல்லிக்கொண்டே, எனக்குக் கை கொடுப்பதற்காக அந்த இடுக்கு வழியாகக் கையை வெளியே நீட்டினார். என் உயிரே போய்விட்டது. லிஃப்ட் இடுக்கில் கை நீட்டினால் என்ன ஆகும் என்று நான் அறிவேன். “கைய உள்ள எடுய்யா!” என்று கத்தினேன். மருமகனாக வரப்போகிறவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான் மச்சான்.

“அப்பா, என்ன பண்ணீங்க?” என்று உள்ளிருந்து பெண்.

“சாலட் பண்ணேன்மா.”

“சாலட்டுக்கு யாருப்பா அடுப்புல புகை போடுவாங்க?”

“மாமா, ஒண்ணும் பயம் இல்ல. இங்க நல்ல வாசனை வருது” என்று அவர்.

சொந்த மாமனாரால் அந்தரத்தில் தொங்கவிடப்பட்ட ஒரு மனிதன் இதைச் சொல்கிறான்! எனக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துப்போனது. மொட்டை மாடி மோட்டார் அறைக்கு ஏறி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினேன். கீழிருந்து வாட்ச்மேன் “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும்!” என்று கத்தினான். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு திருத்தமாக நான் ஒரு லிஃப்டை நிறுத்தியதில்லை. கதவு திறந்தால், தரைக்குத் தரை, ஒரு நூல் ஏற்ற இறக்கம் இல்லை. அவர் வெளியே வந்து முதலில் தரையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, “அழகு” என்றார். நெட்டையான ஆள், சிரித்த முகம்.

கருகிய மசாலாவைக் கொட்டிவிட்டு, இருந்த கொஞ்சத்தைத் தங்கள் தங்கை சொல்லச் சொல்ல மறுபடி வறுத்துப் பொடித்து, சோளத்தில் போட்டுப் பிசறி, எலுமிச்சை பிழிந்து பரிமாறினேன். அவர் ஒரு வாய் வைத்தார். இரண்டாம் வாய் வைத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது. “கண் டாக்டருக்கே கண்ணுல தண்ணி வர வச்சுட்டாரே மனுஷன்!” என்று தங்கள் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். மாவுக்கட்டுப் போட்ட பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே மூன்று தடவை போட்டுக்கொண்டார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். நம் பெண் அதைத் தமிழில் சொன்னாள்: “இவ்வளவு நல்லா இருக்கே, இது உங்க பரம்பரைச் சாப்பாடா? எங்க அம்மாவுக்கு எழுதணும், எப்படிச் செய்யறதுன்னு கேக்கறார்ப்பா.”

நான் அசந்துபோய், “இது உங்க ஊர்ச் சாப்பாடு இல்லையா?” என்றேன்.

அவர் சாப்பிட்டதே இல்லையாம் மச்சான்! அந்த மசாலா அவர்கள் கண்டத்தின் அடுத்த கோடியில் இருக்கும் நாட்டுச் சமாச்சாரமாம். அவர் வீட்டில் சோளம் என்றால் கஞ்சிதானாம். “ஆப்பிரிக்கா ஒரு தெரு இல்லப்பா” என்று நம் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் சிரித்துக்கொண்டே, “பரவால்ல மாமா, இனிமே இது நம்ம வீட்டுச் சாப்பாடு” என்றார். ‘நம்ம’ என்கிற வார்த்தையை யார் சொல்லிக்கொடுத்தார்களோ, நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அப்போதுதான் தங்கள் தங்கை சிரிப்பை நிறுத்திவிட்டு நேராகக் கேட்டாள். “எங்க பொண்ண ரொம்ப தூரம் கூட்டிட்டுப் போயிடுவீங்களா தம்பி?” அவர் பெண்ணைப் பார்த்தார், யோசித்தார், பிறகு தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் கூட்டிச் சொன்னார்: “நான் கூட்டிட்டுப் போக மாட்டேன் அத்தை. அவதான் என்ன எல்லா இடமும் கூட்டிட்டுப் போறா. இன்னைக்குப் பாருங்க, லிஃப்ட்.” வேலை இந்த ஊரில்தான், இன்னும் பல வருடம் இங்கேதான், அம்மாவையும் இங்கே அழைத்துக்கொள்ளப் போகிறார் என்று மீதியைப் பெண் சொன்னாள். சாப்பிட்டு முடித்ததும் அவர் தட்டுகளை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார். தங்கள் தங்கை பக்கத்தில் நின்று இடது கையால் வாங்கித் துடைத்து வைத்துக்கொண்டே, கொழுந்தனார் வீட்டுக் கதை வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்குப் பாதி புரிந்திருக்காது. ஆனாலும் சரியான இடத்தில் எல்லாம் “ஐயோ” என்றார்.

மச்சான், எங்கள் இருவருக்கும் மனம் நிறைந்துவிட்டது. ஆனால் தாய்மாமன் தாங்கள். தங்கள் வாயிலிருந்து ஒரு ‘சரி’ வராமல் இந்த வீட்டில் ஒரு துரும்பும் நகராது. தங்களுக்குத் திடீரென்று சொன்னால் கோபம் வரும் என்று பயந்துதான் இத்தனை நீட்டி எழுதினேன். பையன் தங்கம். பெரிய மனது வைத்து, ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். வருகிறபோது லிஃப்டில் தைரியமாக ஏறலாம். அக்காவுக்கு எங்கள் அன்பு. உங்கள் கையால் ஆசீர்வாதமும், உங்கள் கையால் கல்யாணச் சமையலும் வேண்டி நிற்கும்,

தங்கள் அன்பு மச்சான்.

பி.கு.: மேலே எழுதியதை உறையில் போட்டு ஒட்டுவதற்கு முன் பெண் போன் செய்தாள். ‘மாமாவுக்குப் பக்குவமா ஒரு கடிதம் எழுதியிருக்கேன்மா’ என்று பெருமையாகச் சொன்னேன். “மாமாவுக்கா? போன மாசமே அவர்கிட்ட கூட்டிட்டுப் போய்க் காட்டி ஆசீர்வாதம் வாங்கிட்டோமேப்பா! ‘உங்க அப்பா கைல கரண்டியக் குடு, மிரண்டுபோய் மத்த எதையும் யோசிக்க மாட்டார்’னு சாலட் யோசனை சொன்னதே மாமாதான்” என்கிறாள். ஆகவே மச்சான், மேலே உள்ளதில் கெஞ்சல் சம்பந்தப்பட்ட பகுதிகளை எல்லாம் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். மீதிக்கு நன்றி. லிஃப்ட் நின்றதும் தங்கள் ஏற்பாடுதானா என்று மட்டும் மறு தபாலில் தெரிவிக்கவும்.