பீரோவுக்குள் அடித்த போன்

காலையில் பூட்டிய பீரோ மாலையில் திறந்துகிடந்தது. திறந்தது வேறு யாருமில்லை, பூட்டியவரேதான். எந்தப் பூட்டும் பூட்டுக்காரரிடம் வாலாட்ட முடியாது. ஒரு கொண்டை ஊசி போதும். மனசு 'வேண்டாம்' என்று சொல்லி முடிப்பதற்குள் விரல்கள் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருக்கும்.

மனைவி அண்ணன் வீட்டுக்குப் போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"களைப்புன்னு சொல்லாதீங்க, கூட்டாளி இழுத்தான்னு சொல்லாதீங்க. குடிச்சது நீங்க. நிறுத்த வேண்டியதும் நீங்கதான். தினம் சாயந்தரம் போன் பண்றேன். அடியோட நிறுத்திட்டேன்னு என்னிக்கு உங்க வாயால கேக்கறேனோ, அன்னிக்கே வந்துடறேன்."

அவருக்கும் நிறுத்த ஆசைதான். ஆனால் அந்தப் பொறுப்பை ஒரு நல்ல பூட்டாகப் பார்த்து ஒப்படைத்துவிடலாம் என்று நினைத்தார்.

பக்கத்து வீட்டு நர்ஸம்மா கேட்டாள், "பாட்டிலைக் கொட்டித் தொலைக்கலாமே?"

"கொட்டினா கடைக்குப் போயிடுவேம்மா. வீட்ல ஒண்ணு இருந்தா கால் அந்தப் பக்கம் போகாது."

"அப்போ கை?"

"கைக்குத்தான் பூட்டு."

அடுத்து நம்பர் பூட்டு போட்டார். அதைக் காதை வைத்துக் கேட்டே திறந்துவிட்டார். கடைசியில், பழைய பூட்டுகளைப் பிரித்துப்போட்டு, கை நடுங்க நடுங்க, தன்னாலேயே திறக்க முடியாத பூட்டு ஒன்றைச் செய்து பீரோ கதவில் பொருத்தினார். புதுப் பாட்டில் உள்ளே போனது. கருவிப்பை வெளியில் இருந்தால் ஆபத்து, அதுவும் போனது. போன் இருந்தால் கூட்டாளியைக் கூப்பிடத் தோன்றும், அதுவும் போனது. சாவியைத் திருப்பி, சாக்கடையில் எறிந்துவிட்டு, அப்பாடா என்று உட்கார்ந்தார்.

சாயந்தரம் பீரோவுக்குள் போன் அடித்தது.

எழுந்தார். உட்கார்ந்தார். கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டார். கதவைத் தொட்டால் போதும், விரல்கள் எப்படியாவது வழி கண்டுபிடித்துவிடும். போனுக்குப் பக்கத்திலேயே பாட்டில். அவள் குரலுக்காகத்தான் திறந்தோம் என்று விரல்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

நர்ஸம்மாவின் போனில் கூப்பிடலாமென்றால், மனைவியின் நம்பர் மனப்பாடமில்லை. அதுவும் பீரோவுக்குள்தான். நேரில் போகலாமென்றால் வழியில் கடை.

இதற்கிடையில் நர்ஸம்மா தன் வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நின்றாள்.

"கொஞ்சம் திறந்து குடுங்க."

"கருவி பீரோவுக்குள்ள இருக்கு."

"பீரோவைத் திறங்க."

"கருவி இல்லியே."

அவள் தலையில் அடித்துக்கொண்டு, இவர் கடைக்கு எதிர்க்கடைக்காரனைக் கூட்டிவந்தாள். அவனும் பூட்டு ரிப்பேர்தான். இவருடைய வாடிக்கை முழுக்க அவன் பக்கம் சாய்ந்தது.

முதல் நாள் போன் அடித்தபோது, தான் ஏங்குவது பாட்டிலுக்கா அவளுக்கா என்று அவருக்கே பிடிபடவில்லை. அடுத்தடுத்த மாலைகளில், மணி அடிக்கும் நேரத்துக்கு முன்பே பீரோ எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டார். அவளே அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பதுபோல் இருந்தது. "நிறுத்திட்டேன்மா" என்று பீரோவைப் பார்த்துச் சொல்லவும் சொன்னார். சார்ஜ் தீர்ந்து போன் அடிக்காமல் போன மாலையில் பூட்டுக்காரர் வாய்விட்டு அழுதார். பாட்டிலை அன்று அவர் நினைக்கவே இல்லை.

மறுநாள் காலையில் மனைவி பையும் கையுமாக வாசலில் நின்றாள்.

"போனை எடுக்கல. இப்ப அணைச்சும் வெச்சாச்சு. மறுபடி ஆரம்பிச்சிட்டீங்க, அதானே?"

"சத்தியமா இல்ல. நிறுத்திட்டேன்."

கிட்டே வந்து முகர்ந்து பார்த்தாள். நம்பாமல் மறுபடியும் முகர்ந்தாள்.

"போன் எங்க?"

"பீரோல."

"பாட்டில்?"

"அதுவும் அங்கதான்."

"சாவி?"

"சாக்கடைல. என்னை நம்ப வேண்டாம், பூட்டை நம்பு. அது இருக்கப் போய்த்தான் தப்பிச்சேன். இல்லேன்னா முதல் நாளே கவுந்திருப்பேன்."

அவள் எதிர்க்கடைக்காரனைக் கூப்பிட்டாள். அவன் வந்து மண்டியிட்டு, கருவிப்பையைத் திறப்பதற்கு முன்னால், வழக்கம்போலக் கைப்பிடியை லேசாக இழுத்துப் பார்த்தான்.

கதவு திறந்துகொண்டது. உள்ளே கருவிப்பை, உயிரில்லாத போன், சீல் உடையாத பாட்டில்.

அவன் பூட்டுக்குள் எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பினான்.

"அண்ணே, ஸ்பிரிங்கைத் தலைகீழா மாட்டியிருக்கீங்க. இது ஒரு நாள்கூடப் பூட்டியிருக்கலையே."