போல்ட், வாஷர், நட்டு

"ஐ கம்பெனி கோ," என்றான் ஃபெலிக்ஸ்.

அவன் மனைவி பெனிஷா தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள். "தமிழ்ல நெனச்சதை அப்படியே இங்கிலீஷ்ல கொட்டாதீங்க. யாரு, என்ன செய்றாங்க, எதை. இந்த வரிசையிலதான் வரணும்."

மறுநாள் காலை முகப்பேர் பள்ளியில் மகள் ரியாவுக்கு எல்கேஜி நேர்காணல். அப்பாவும் ஆங்கிலத்தில் பேசியாக வேண்டுமாம். போன வருடம் மாடிவீட்டுப் பிள்ளைக்கு இடம் கிடைக்காததற்கு அவன் அப்பாவின் ஆங்கிலம்தான் காரணம் என்று தெருவே பேசியது.

ஃபெலிக்ஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர். பெனிஷா அவன் வழிக்கே போனாள். "போல்ட், வாஷர், நட்டு. நீங்க போல்ட்டு. சாப்பிடுறது வாஷர். இட்லி நட்டு. மாட்டுங்க."

"ஐ ஈட் இட்லி."

"அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்பதே சிக்கலாயிற்று. பெயரைக் கேட்டாலும், வேலையைக் கேட்டாலும் அவன் வாயில் இட்லியே வந்து நின்றது. நண்பன் மேக்ஸ்வெல்லுக்குப் போன் செய்தான்.

"தொண்டை கட்டிகிச்சின்னு மஃப்ளரைச் சுத்திகினு போ மச்சான். எவன் கேக்கப் போறான்?"

ஏப்ரல் வெயிலில் கம்பளி மஃப்ளர். பள்ளி வாசலை எட்டுவதற்குள் சட்டை தொப்பலாகிவிட்டது. வாட்ச்மேன் வழிமறித்தார்.

"இன்னா சார், இப்டி வேர்க்குது? ஜுரம்னா உள்ள உடக் கூடாதுன்னு ஆர்டர்."

"தொண்டைதாண்ணா," என்றாள் பெனிஷா.

ஃபெலிக்ஸ் நம்பகத்துக்காக ஒருமுறை இருமிக் காட்டினான். வாட்ச்மேன் இரண்டடி பின்வாங்கி, ஒரு மாஸ்க்கைக் கொண்டுவந்து நீட்டினார். மஃப்ளருக்கு மேல் மாஸ்க். மூச்சு முட்டியது.

கூடத்தில் பள்ளி ஆயா சரசா ரியாவின் கன்னத்தைத் தட்டினாள். "அப்பாக்கு இன்னா கண்ணு?"

"ஒண்ணும் இல்லையே. காலைல பாத்ரூம்ல கத்துனாரு. ஐ ஈட் இட்லி, ஐ ஈட் இட்லி."

பெனிஷா தரையைப் பார்த்தாள். ஃபெலிக்ஸ் மாஸ்க்கைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டான். பிள்ளையின் இடம் போனது போனதுதான். அதுவும் ஒரு பொய்யால்.

சரசா அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கூடத்தின் மறுகோடி வரை கேட்கும்படி குரல் கொடுத்தாள்:

"தொண்டை கட்டிகினு வந்த அப்பாங்கல்லாம் ரெண்டாவது ரூமுக்கு வாங்க. பிரின்ஸ்பாலம்மா உங்ககிட்ட தமிழ்லயே பேசிக்கிறாங்களாம். தள்ளித் தள்ளி உக்காருங்க, இந்த வருசமும் சேர் பத்தல."